பக்கத்து இலை

எங்கள் ஹைஸ்கூல் பழைய மாணவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தோமோ, ஆண்டு விருந்துப் பந்தியிலும் அதே வரிசையில்தான் உட்கார வேண்டும். அன்று ஒரு நாள் சாதி, மதம் எதுவும் பார்ப்பதில்லை. ஜரிகை வியாபாரம் செய்யும் முஸ்லிம் நான். எனக்குப் பக்கத்தில் சின்ன காஞ்சிபுரத்து அர்ச்சகர் வீட்டு வரதன். வீட்டுக்குத் தெரியாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான்.

அந்த வருஷம் அவன் அப்பா தவறிப்போய், கோயில் பூஜை அவன் கைக்கு வந்திருந்தது. இனி எப்படி வருவான்? வந்தால் அவன் தெரு சும்மா விடுமா? வராவிட்டால், அத்தனை பேர் நடுவில் ஆளில்லாத இலைக்குப் பக்கத்தில் நான் எப்படிச் சாப்பிடுவது? பேசாமல் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

பரிமாற வந்தவர் குனிந்து, "அவரு வரமாட்டாரு பாய். இந்த இலைய எடுத்துடட்டுமா?" என்றார்.

"இருக்கட்டும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நெற்றி நிறையத் திருமண்ணோடு வரதன் வந்து உட்கார்ந்தான்.

"உனக்கு ஏண்டா இந்த வம்பு?" என்றேன்.

"இனிமே நேக்கு இங்க சாப்பாடு கெடையாதுடா. அதுக்காக நம்ம பெஞ்சை விட்டுடுவேனா?"

இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்து, பாதியை என் இலையில் வைத்தான். வைத்துவிட்டு, தெருக்காரர் யாராவது பார்க்கிறார்களா என்று வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

பயம் எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.