பயன்படாத காட்சிகளை நீக்கவா?

பதினோரு வயதில் எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அது எந்த லட்சணத்தில் இருந்தது என்பது எனக்கும் என் இங்கிலீஷ் டீச்சருக்கும் மட்டுமே தெரியும். இருவருமே வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. சரவணம்பட்டியில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அப்பாவின் வீடியோ ஸ்டுடியோ. சுற்றுவட்டாரக் கல்யாணங்களும் காதுகுத்துகளும் அந்த அறைக்குள் போய், பூப்போட்ட அட்டைப் பெட்டியில் கேசட்டாக வெளியே வரும். அப்பா வைத்திருந்த எடிட்டிங் ப்ரோகிராம் ரொம்பப் பழசு. அதற்குத் தெரிந்த வித்தை மொத்தம் ஆறு. அதில் நான்கு, படம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்வது. தாலி கட்டுகிற நேரமாகப் பார்த்து அப்படியே உறைந்து நின்றுவிடும். அப்பா மானிட்டருக்கு விபூதி பூசிப் பார்த்தார். அதற்கப்புறம் விபூதியோடு உறைந்து நின்றது.

கடைசியில் காந்திபுரத்தில் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து இரண்டு புது ப்ரோகிராம்களை சி.டி.யில் வாங்கி வந்தார். பதினைந்து நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். பிடித்ததை விலை கொடுத்து வாங்க வேண்டும்.

"நீ படிச்சுப் பார்த்து எது தேவலைன்னு சொல்லு கண்ணு" என்றார் என்னிடம். எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

முதல் ப்ரோகிராமைச் செய்தவர்கள், குடும்பம் என்றால் பனியில் சறுக்குவது, கேக் வெட்டுவது என்று நினைத்திருந்தார்கள். திரை முழுக்கப் பனி கொட்ட வைக்கலாம். ஆனால் படம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கையை விரித்துவிடும்.

"ஏங்கண்ணு, அவிங்க ஊர்ல கண்ணாலமே ஒரு மணி நேரந்தானா?" என்று அப்பா நிஜமாகவே பரிதாபப்பட்டார்.

இரண்டாவது கெட்டிக்காரி. ரோஜா இதழ் கொட்டும், பெண்ணின் முகம் தாமரைக்குள்ளிருந்து விரியும், நாலு மணி நேரப் படத்தையும் தாங்கும். விலையைக் கேட்டதும் அப்பாவுக்குப் பழைய ப்ரோகிராமின் மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது. எதற்கும் இரண்டாவதைச் சித்தப்பாவின் கல்யாணத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். சொந்தக் கல்யாணம், குறை சொல்ல ஆளில்லை.

அத்தையை அவர் மறந்துவிட்டார்.

அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்புக்காரர். ஒருமுறை தோப்புக்குள் யானை புகுந்தபோது பட்டாசும் வேண்டாம், பந்தமும் வேண்டாம் என்று வரப்பில் போய் நின்று, "ஏனுங்க, உங்களுக்கே இது நல்லாருக்குதுங்களா? கொஞ்சம் அப்பிடிக்கா போறதுங்களா?" என்று கேட்டாராம். யானை யோசித்துவிட்டுத் திரும்பிப் போனதாம், அப்புறம் அந்தத் திசைக்கே வரவில்லையாம். எங்களிடமெல்லாம் வாடி போடி என்று பேசுகிறவர், யானைக்கு மட்டும் ஏன் அவ்வளவு மரியாதை கொடுத்தார் என்று நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் கிணற்று மோட்டார் விஷயமாக மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் தானும் ஒரு மணப்பெண் மாதிரி அலங்கரித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய சீர். அதற்காக அத்தை வந்தார். சீர் நடக்கும்போதே சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சித்தப்பாவும் அழுதார், அப்பா கேமராவுக்குப் பின்னால் அழுதார். அதனால் படம் கொஞ்சம் ஆடியிருந்தது.

"மத்ததெல்லாம் பத்து நிமிசம், உங்கக்கா மட்டும் முக்கா மணி நேரம் நிக்கறாங்க. கொஞ்சங் குறைச்சாத்தான் என்னங்க?" என்று அம்மா ஒருநாள் படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அப்பா மற்றதையெல்லாம் வரிசையாகக் கோத்துவிட்டு, அக்காவுடையதை நிதானமாகச் செய்ய வேண்டும் என்று இணைச்சீரை மட்டும் தனியாக வைத்திருந்தார். சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையத்தில் ஒரு காதுகுத்து. அவர் கிளம்பிப் போனதும் நான் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். தாமரையை நாலு தடவை விரித்துப் பார்த்தேன். ஐந்தாவது தடவை ஒரு பெட்டி எழுந்து வந்து, டிஸ்கில் இடம் போதவில்லை, பயன்படாத காட்சிகளை நீக்கிவிடவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. பயன்படாதது எதற்கு வீட்டில்? ஆம் என்று அழுத்தினேன். வீட்டைப் பெருக்கிக் கொடுத்தது போல ஒரு பெருமை.

பெருமை அரை நிமிடம் இருந்தது. இணைச்சீர் இருந்த இடம் வெறிச்சென்றிருந்தது. குப்பைத் தொட்டிப் படத்தைத் திறந்து பார்த்தேன். அதில் குப்பைகூட இல்லை. கம்ப்யூட்டரை அணைத்தேன், மறுபடி போட்டேன், தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். மூலக் கேசட் இருக்குமே என்று அலமாரிக்கு ஓடினேன். அது இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் கேசட்டைத் திரும்ப உபயோகிப்பது அப்பாவின் வழக்கம். சாயங்காலம் அவர் வந்ததும் பையிலிருந்து திருட்டுத்தனமாக அதை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அத்தை நின்ற இடத்தில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை வாயைப் பிளந்து அலறியது. நானும் சேர்ந்து அலறியிருக்கலாம். சத்தம்தான் வரவில்லை.

மறுநாள் கேசட் பார்க்க அத்தை வருகிறார்.

"பழைய ப்ரோகிராம்ல போட்டுப் பார்த்தேனுங்கப்பா. அது இணைச்சீரைத் தின்னுபோட்டுதுங்க" என்றேன். நாக்கு எப்படிப் புரண்டதோ தெரியாது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "அம்மாகிட்டச் சொல்லாதே கண்ணு. அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றார். அக்காவிடம் சொல்லும் தைரியம் அவருக்கு எங்கிருந்து வரும்? எனக்கு வந்த அதே பயம்தானே அவருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை இரண்டு தேங்காயும் ஒரு சீப்புப் பழமுமாக வந்து, டி.வி. முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "ஏ அம்மிணி, காப்பி அப்புறம் போடு. வா, உக்காரு" என்று அம்மாவையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். நான் கதவோரம் நின்றேன். படத்தில் முகூர்த்தக்கால் நட்டார்கள், மாப்பிள்ளை குளித்தார். தாமரை ஒன்று விரிந்தது. விரிந்ததும் மணப்பெண் மேடைக்கு வந்துவிட்டாள்.

"தம்பி, என்ரது எங்கடா?"

"அக்கா, அது வந்து… மிஷின்ல அழிஞ்சுபோச்சுங்கக்கா."

அம்மா திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தார். தன் பேச்சைக் கேட்டு நிஜமாகவே வெட்டிவிட்டாரோ என்ற பார்வை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பார்வையை அத்தை பார்த்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இதோ வரப்போகிறது, இதோ இடிந்து விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சமையக்காரனெல்லாம் பத்தரமா இருக்கறான். என்னைய மட்டும் முழுங்கியிருக்குது. மிஷினுக்கு ஆளு தெரியுமாட்ட இருக்குது" என்றார் அத்தை. அவ்வளவுதான். படம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து, சேலையை உதறிக்கொண்டார்.

"நங்கையா, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று அம்மா நாத்தனாரின் பின்னாலேயே ஓடினார்.

"இருக்கட்டுமுங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நா போயிட்டு வாரேனுங்க" என்று அத்தை அம்மாவுக்குக் கைகூப்பினார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. திட்டவில்லை, கத்தவில்லை, ஒரு தட்டுக்கூட உடையவில்லை. அம்மாவுக்கு அத்தை அத்தனை மரியாதை கொடுத்து நான் பார்த்ததே இல்லை. அம்மா ஏன் வாசலிலேயே அப்படி நிற்கிறார் என்றுதான் விளங்கவில்லை. 

மறுநாளே அப்பா துரோகியான பழைய ப்ரோகிராமைத் தூக்கிவிட்டு, பணத்தைக் கட்டி ரோஜா இதழ்க்காரியை வாங்கினார். கற்பூரம் காட்டி, மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தோம். பொட்டு வைத்தது நான்.

அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் வராமல் நான்கு தீபாவளி ஆன பிறகுதான், யானைக் கதையை யாருக்கோ சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்த நான், அத்தை யானைக்கு 'ங்க' போட்ட இடத்தில் பாதியில் நிறுத்தினேன்.