மாடியிலிருந்து வந்த மாமா

எனக்கு ஏழாவது வயதில்தான் காது குத்தினார்கள். ஒரு வயதிலேயே குத்தியிருக்க வேண்டியது. தாய்மாமன் அகப்படாததால் மூன்று, ஐந்து என்று தள்ளிப்போய் ஏழில் வந்து நின்றது.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்மாவோ ஒற்றைப் பிள்ளை. அம்மாவின் தாத்தாவுக்குப் பிள்ளைகள் ஒன்பது பேராம். என் தாத்தாவோ, ஒன்று பெற்றாலும் நன்றாகப் படிக்கவைக்க வேண்டும் என்ற கொள்கைக்காரர். அம்மா படித்தாள், வேலைக்குப் போனாள், அவளும் என் ஒருத்தியோடு நிறுத்திக்கொண்டாள். பெரியப்பா, சித்தப்பா வழியில் அவளுக்கு அண்ணன் தம்பிகள் உண்டு. பாதிப் பேர் அமெரிக்காவில், மீதிப் பேர் லீவு கிடைக்காதவர்கள்.

எனக்கு இது விளங்கவே இல்லை. தினமும் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி வீடு வந்துசேரும் அப்பா, செருப்பைக் கழற்றுவதற்குள், "எங்க பாத்தாலும் ஜனம்! மூச்சு விட இடமில்ல" என்று அலுத்துக்கொள்வார். அவ்வளவு ஜனத்தில் ஒரே ஒரு மாமா கிடைக்கமாட்டாரா?

ஒருவழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலில் நாள் குறித்தார்கள். வருவதாகச் சொல்லியிருந்த ஒரு மாமாவும் இரண்டு நாள் முன்பு போனில் கையை விரித்துவிட்டார். அப்பாவின் அக்காவான அத்தைக்கு அது போதாதா?

"மாமன் மடி இல்லாம காது குத்துனா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? நாங்க அஞ்சு பேரு பொறந்தோம், எங்க வூட்ல இந்தப் பேஜாரே இல்ல."

அம்மா அடுப்படிக்குப் போய், அணைத்திருந்த அடுப்பின் முன்னால் நின்றாள். எனக்கு அத்தைமேல் கோபம் கோபமாக வந்தது.

எங்கள் மாடியில் ஒரு பீகார் அண்ணன் குடியிருந்தார். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வேலை. தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல இறங்கி வந்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்னார்:

"நான் உக்கார்றேன் அக்கா. ஊர்ல எனக்கு அஞ்சு தங்கச்சி. நாலு பேருக்கு குழந்தை இருக்கு. ஒரு குழந்தைகூட நான் இன்னும் தூக்கல."

காது குத்தும் அன்று காலை, பல்லாவரம் சந்தையில் வாங்கிய வளையல், பழம், எனக்கு முழங்கைகூட நுழையாத ஒரு பட்டுப்பாவாடைச் சட்டை என்று ஐந்து தட்டுச் சீரோடு கோவிலுக்கு வந்தார். அத்தை தட்டுகளைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். நேற்றுவரை அண்ணா என்று கூப்பிட்டவரை இனிமேல் மாமா என்று கூப்பிடச் சொன்னார்கள். குடியிருப்பவர் எப்படி ஒரே நாளில் மாமா ஆவார்? காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்ததும் மாமா என் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஊசி இறங்கியபோது அவர்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

இரண்டு காதும் குத்தி முடிந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு, வெகு நாளாக மனதில் இருந்த சந்தேகத்தை அம்மாவிடம் கேட்டேன்.

"எனக்குப் பாப்பா பொறந்தா, அதுக்கு யாரும்மா மாமா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தைகூடச் சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்காமல், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் காது வலிப்பதை நினைத்து அழுகிறாள் என்று எண்ணி, "வலிக்கவே இல்லம்மா" என்று பொய் சொன்னேன்.