டாங்கியின் காலுக்குச் செய்த கித்தா

நம் வீட்டுக் கேட்டைக் காற்று தள்ளிச் சாத்திவிடாமல் ஒரு கறுப்புக் கட்டை தடுத்துக்கொண்டு கிடக்கிறதே, அது லோரிச் சாமான் இல்லை. சின்னவன்தான் தன் கூட்டாளிகளிடம் லோரிச் சாமான் என்று சொல்லி வைத்திருக்கிறான். பெரியவள் அதன்மேல் ஏறி நின்று ஜன்னல் துடைக்கிறாள். இரண்டு பேரும் அவ்வப்போது அது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் எதையாவது சொல்லித் தட்டிக் கழித்திருக்கிறேன்.

அது ராணுவ டாங்கியின் காலில் மாட்டுகிற கித்தாக் கட்டை, அதாவது ரப்பர் கட்டை. நான் வேலை செய்த இடத்தில் நாங்கள் செய்தது. போன மாதம் நெடுஞ்சாலையில் தாப்பா ஓய்விடத்தில் சின்னவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். தெரியல என்று மட்டும் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது.

ஈப்போவுக்குப் பக்கம் லகாட்டில், ஈயம் எடுத்த குட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கம்பெனி. லோரிச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற மண்தடுப்பு, படகுத்துறை ஜெட்டியில் படகு உரசாமல் இருக்க அடிக்கிற கித்தா, இந்த மாதிரிச் சாமான்கள் செய்வோம். நான் பிரஸ்ஸில் இருந்தேன். சூடான இரும்பு அச்சுக்குள் கித்தாவை வைத்து அழுத்தி, வேகவைத்து எடுக்கிற வேலை. ரொட்டி சுடுவது மாதிரிதான், வாசனை மட்டும் வேறு. எனக்குக் கித்தாவைக் கலந்து கொடுக்கிறவர் ஓர் அண்ணன். கரித்தூளும் கந்தகமும் கொட்டிக் கலக்குகிறவர் என்பதால் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அவர் நாயே முதலில் குரைத்துவிட்டுத்தான் வாலாட்டும். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். உறவு ஒன்றும் கிடையாது.

முதலாளி சீனர். தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவருடைய அப்பா நம் ஆட்கள் வேலை செய்த கித்தாத் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் தவுக்கே எங்களைப் போலவே தமிழ் பேசுவார். திட்டும்போது எங்களைவிட நன்றாகவே பேசுவார்.

வெளிநாட்டுச் சாமான் மலிவாக வந்து இறங்க இறங்க எங்கள் வேலை குறைந்துகொண்டே போனது. பாதி பிரஸ்கள் துணி போர்த்திக் கிடந்தன. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் தவுக்கே எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"புது வேலை ஒண்ணும் வரலேன்னா, நான் இழுத்துப் பூட்டறதுதான் லா. ஒளிச்சு வெச்சு என்னா பண்றது."

எனக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. மூன்றாம் படிவம் வரை படித்தவன். கையில் இருப்பது பிரஸ் வேலை மட்டும். பெரியவள் தாதிப் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்த சமயம் அது.

அந்த நிலைமையில்தான் ராணுவத்துக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கிற ஒரு காண்டிராக்டர் வந்தார். கிழிந்துபோன கித்தாக் கட்டை ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ராணுவம் தூரத்து நாடு ஒன்றில் டாங்கி வாங்கியிருக்கிறது, அதன் சங்கிலிக் காலில் மாட்டுகிற கட்டை இது என்றார். வெறும் இரும்பு தார் ரோட்டில் ஓடினால் ரோடு பெயர்ந்துவிடும். அதனால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கித்தாக் கட்டை உண்டு. ஓட ஓட அது தேயும், பிய்யும். பிய்ந்தால் விற்ற நாட்டிலிருந்துதான் வரவேண்டும். கேட்டு எழுதி, அது மேலே போய்க் கீழே வந்து, கப்பல் ஏறி வருவதற்குள் டாங்கி கொட்டகையில் நிற்கிறது. இங்கேயே செய்து காட்டினால் வருஷாவருஷம் வேலை கிடைக்கும் என்றார்.

அவர் போனதும் அண்ணன் சிரித்தார். "பாத்தியா மச்சான். நம்ம தாத்தனுங்க கித்தா மரத்துல பால் வெட்டிக் கப்பல்ல ஏத்தி விட்டாங்க. அதே கித்தா இப்ப கெரெத்தா கெபாலுக்கு, இந்த டாங்கிக்கு, செருப்பா திரும்பி வருது."

அவர் சொன்னதிலும் பாதிதான் சரி. தோட்டமெல்லாம் வீடாகவும் செம்பனையாகவும் மாறிவிட்டதால், நாங்கள் வேகவைத்த கித்தாவே சயாமிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஈப்போவில் ஒரு பட்டறையில் புது அச்சு செய்து வந்தது. வெள்ளிக்கிழமை பார்த்துத் தொடங்கினோம். எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் காட்டி, பிரஸ்ஸுக்குத் திருநீறு பூசினேன். பூசின வேகத்தில் திறந்து கிடந்த அச்சின் உள்ளேயும் மூன்று விரலால் இழுத்துவிட்டேன். அதைத் துடைக்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அண்ணனுக்கும் தோன்றவில்லை. கித்தாவை வைத்து மூடிவிட்டோம். வெந்து வெளியே வந்த முதல் கட்டையில் மூன்று வெள்ளைக் கோடு பதிந்திருந்தது. சுரண்டினாலும் போகவில்லை.

தவுக்கே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னா இது, பட்டை போட்ட டாங்கியா?"

"சாமியே உள்ள போயி உக்காந்திருக்கு தவுக்கே. ஆர்டர் நிச்சயம்" என்றார் அண்ணன்.

"சாமிய ஆர்மில சேக்கணும்னா முதல்ல மெடிக்கல் எடுக்கணும் லா."

எல்லாருமே அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு சிரிப்பு குறைந்தது. கட்டைக்கு அடியில் ஓர் இரும்புத் தகடு உண்டு. கித்தா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் கட்டைகள் தகட்டை விட்டுத் தோலுரிந்த மாதிரி வந்தன. பசையை மாற்றினோம். பிடித்தது, ஆனால் முனை வெடித்தது. அண்ணன் கலவையை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒருவழியாகத் தவுக்கே சுத்தியலால் அடித்தும் கழன்று வராத கட்டைகள் கிடைத்தன. ஒரு டாங்கிக்கு ஆகிற மட்டும் செய்து லோரியில் ஏற்றினோம்.

தெற்கே ஒரு ராணுவ முகாமுக்கு நானும் அண்ணனும் கூடவே போனோம். பட்டறைச் சார்ஜன் ஒரு மலாய்க்காரர். எங்களுக்கு முதலில் நாசி லெமாச் சோறும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைப் பற்றிப் பேசினார். கொட்டகையைக் காட்டினார். சில டாங்கிகளுக்குக் காலே இல்லை. ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றுக்கு மாட்டியிருந்தார்கள். கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன். கெட்டுப்போகவில்லை, சாமானுக்குக் காத்திருக்கிறது என்றார். நோயாளியைப் பற்றிப் பேசுகிற மாதிரி தாழ்ந்த குரலில்தான் அதையும் சொன்னார்.

எங்கள் கட்டைகளை மாட்டின டாங்கி புறப்பட்டபோது செருப்புக்கு அடியில் தரை நடுங்கியது. தார் ரோட்டில் ஓடியது. செம்மண்ணில் ஏறி இறங்கியது. திரும்பி வந்து நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. அந்தச் சுற்றில்தான் கட்டை பிய்யும் என்று சார்ஜன் முன்பே சொல்லியிருந்தார். நான் பார்க்கவில்லை. அண்ணன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்ற பிறகு போய்க் குனிந்து தொட்டோம். கட்டைகள் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டன. ஒன்றில் மட்டும் சின்னக் கீறல். மற்றவையெல்லாம் அப்படியே இருந்தன.

சார்ஜன் பாகுஸ் என்று சொல்லிக் கட்டைவிரலைத் தூக்கினார். அப்போ ஆர்டர் எப்போது வரும் என்று அண்ணன் மலாயில் கேட்டார். சார்ஜன் அதே விரலை மேலே காட்டினார். அது மேலே இருக்கிறவர்கள் விஷயமாம். நான் அண்ணாந்து பார்த்தேன். கொட்டகைக் கூரையில் ஒரு பல்லிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். பாயாசம் வைக்க ஜவ்வரிசியைக் கையில் எடுத்தவர் கேட்டார், "எழுத்துல குடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப பாயாசம் அப்புறம் வைப்போம்" என்று டின்னை மூடிவிட்டார். அந்த ஜவ்வரிசி பிறகு வண்டு வைத்துத்தான் போனது.

காத்திருந்தோம். காண்டிராக்டர் போனில் ஒவ்வொரு முறையும் சாபார் லா, பொறுங்கள் என்பார். நானும் அண்ணனும் பிரஸ்ஸைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தோம், துடைத்ததையே திரும்பவும் துடைத்தோம். அப்புறம் ஒருநாள் சேதி வந்தது. ராணுவம் டாங்கிகளை மேம்படுத்தப் போகிறது, விற்ற கம்பெனியின் ஆட்களே வந்து பார்க்கிறார்கள் என்று. நல்ல சேதி என்றுதான் நினைத்தேன். டாங்கி ஓடினால் கட்டை தேயும் அல்லவா.

அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரரைக் காண்டிராக்டர் எங்களிடம் அழைத்து வந்தார். உயரமான மனிதர். நம் வெயில் தாங்காமல் முகம் சிவந்திருந்தது. கட்டையை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். ஓரத்தைத் தடவினார். யார் செய்தது என்று கேட்டார். தவுக்கே எங்கள் பக்கம் கையைக் காட்டினார். அவர் வந்து எங்கள் கரிக் கையைக் குலுக்கினார், குலுக்கிவிட்டுத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. பிறகு ஆங்கிலத்தில் மெதுவாக நிறையப் பேசினார். தவுக்கேயின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"நல்லாருக்காம்" என்றார் தவுக்கே எங்களிடம். "ஆனா இப்ப காலையே மாத்தறாங்களாம். புதுச் சங்கிலி, புதுக் கட்டை. எல்லாம் அவங்க கம்பெனிதான் குடுக்கும். நடுவுல நம்ம சாமான் போட்டா கேரண்டி போயிடுமாம்."

"அந்தப் புதுக் கட்டைக்கு நாம வேற அச்சு செஞ்சா?" என்று கேட்டேன்.

தவுக்கே அதை அவரிடம் கேட்டார். அந்த மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னார். தவுக்கே கடைசி வார்த்தையை மட்டும் தமிழில் சொன்னார். "அவரு கையில இல்லையாம்."

சார்ஜன் கையில் இல்லை. காண்டிராக்டர் கையில் இல்லை. விற்கிறவன் கம்பெனியிலிருந்து வந்த ஆள் கையிலும் இல்லை. யாரும் எங்களிடம் பொய் சொல்லவில்லை, யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவும் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கோபப்படவாவது ஓர் ஆள் வேண்டுமே.

அண்ணன் மட்டும் விடவில்லை. கோயில் திருவிழாவுக்கு ஒரு வைபி, அதாவது சட்டமன்ற உறுப்பினர், வருகிறார் என்று கேள்விப்பட்டு, கட்டை ஒன்றைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார். நானும் போனேன். வைபி கையில் வாங்கி, அடேயப்பா, கனமா இருக்கே என்றார். அதைப் பிடித்துக்கொண்டு எங்களோடு படம் எடுத்துக்கொண்டார். படம் முகநூலில் வந்தது. கீழே நிறையப் பேர் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள்.

"எதுக்கு மச்சான் வாழ்த்து சொல்றானுங்க?" என்று அண்ணன் என்னிடமே கேட்டார்.

சீனப் பெருநாளுக்குப் பிறகு கம்பெனியைத் திறக்கவில்லை. அச்சை இரும்புக்கடை லோரி வந்து தூக்கிக்கொண்டு போனது. கடைசி நாள் தவுக்கே தன் அறையிலிருந்து அந்த முதல் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருந்தாராம்.

"உன் சாமி. நீயே கூட்டிட்டுப் போ" என்றார்.

அவரும் சாவியை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல்தான் நின்றார். அண்ணன் ஜொகூருக்கு வேலை தேடிப் போனார். நான் கையுறை செய்கிற கம்பெனிகளில் எல்லாம் ஏறி இறங்கினேன். வயதைக் கேட்டார்கள். இப்போது ஈப்போவில் மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் காவல் பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பெரியவளின் படிப்பை ஒரு வருஷம் தள்ளிப் போட்டதும் இதனால்தான். உன் மார்க்கு குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதே. இடம் கிடைத்திருந்தது.

போன மாதம் சிலிம் ரிவர் கல்யாணத்துக்குப் போனோம். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தினபோது, லோரிகள் நிற்கிற பக்கம் நீளமான டிரைலர் ஒன்றின்மேல் தார்ப்பாய் போர்த்தின டாங்கி இருந்தது. பாய்க்குக் கீழே கால் மட்டும் தெரிந்தது. எனக்கு முன்னால் சின்னவன் ஓடிவிட்டான்.

"அப்பா, நம்ம கேட்டுக் கட்டை! இது நீங்க செஞ்சதா?"

நான் கிட்டே போய்க் குனிந்தேன். மண் அப்பின கறுப்புக் கட்டைகள். அன்றைக்கு மாட்டினதை அந்த டாங்கியிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தோம். பிறகு கழற்றினார்களா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் கட்டையில் எழுத்தோ குறியோ எதுவும் இருக்கக்கூடாது என்று காண்டிராக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கோடு போட்ட ஒன்று நம் வீட்டில் இருக்கிறது. மற்றதெல்லாம் அந்த நாட்டுக் கட்டை மாதிரியே இருக்கும். அப்படித்தானே செய்யச் சொன்னார்கள். ஓரத்தைத் தடவினால் ஒருவேளை தெரிந்துவிடும் என்று கையை நீட்டினேன். காவலுக்கு நின்ற சின்ன வயது சிப்பாய், அங்கிள், கிட்டே வராதீர்கள் என்று மலாயில் பணிவாகச் சொன்னான். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"தெரியல. வா, போலாம்" என்றேன்.

டிரைலர் நமக்கு முன்னால் கிளம்பிப் போனது. லோரி ஏறிப் போகிற டாங்கியின் கால் ரோட்டில் படுவதே இல்லை. எங்கே போகிறது என்று பெரியவள் கேட்டாள். கொட்டகைக்கா, கப்பலுக்கா, புதுக் கால் மாட்டவா, எனக்கு எப்படித் தெரியும்.

நீ கேட்டதற்கு இவ்வளவுதான் பதில், அய்யா. நான் செய்ததாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கண்டுபிடிக்க என்னிடம் வழி இல்லை.

கேட்டைச் சாத்தும்போது அந்தக் கட்டையைக் காலால் தள்ளாதீர்கள். அடியில் இரும்பு இருக்கிறது, விரல் நசுங்கிவிடும். குனிந்து, இரண்டு கையாலும் தூக்கி நகர்த்துங்கள்.