பன்னிரண்டே கால் சாப்பாட்டு மேசை

எங்கள் பகுதி அரசு மருத்துவமனையின் நோயாளர் நலக் குழுவில் நான் பொதுமக்கள் பிரதிநிதி. ஒரு கல்லூரியில் நூலகர். வயது ஐம்பத்திரண்டு, வீடு சாரம் என்ற பகுதியில். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காகக் குடியிருப்போர் சங்கத்தார் என்னைக் குழுவுக்கு அனுப்பினார்கள். குழுவிலும் அதே காரணத்தைச் சொல்லிக் கூட்டக் குறிப்பு எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குக் கூடுவோம். மருத்துவமனையின் பெரிய டாக்டர் தலைவர். ஊழியர்கள் சார்பில் ஆண்கள் வார்டு சிஸ்டர்.

நான் போன முதல் கூட்டத்திலேயே ஒரு விதி போட்டோம். பகல் பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை வாசல் கதவு மூடியிருக்கும், வெளியாட்கள் யாரும் வார்டுக்குள் வரக்கூடாது. கேட்டவர் சிஸ்டர்தான். மதியம் ஆனால் வார்டு கல்யாணப் பந்தி மாதிரி ஆகிவிடுகிறது, கட்டிலுக்குக் கட்டில் இலை விரிக்கிறார்கள், புண்ணுக்குக் கட்டுப்போட நடக்க இடமில்லை என்றார். நியாயமாகப் பட்டது. கையைத் தூக்கினேன். விதியை மூன்று வரியில் எழுதினேன். திருப்பிப் படித்துப் பார்த்தபோது எனக்கே பிடித்திருந்தது.

அந்த மூன்று வரி யாரை வெளியே நிறுத்தும் என்று நான் யோசிக்கவில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு துணையாள், ஒரு பாஸ். கிராமத்திலிருந்து வந்து படுத்திருப்பவருக்குத் துணை பெரும்பாலும் மனைவி. காலையில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், சமைத்து, கேரியரோடு திரும்பி வருபவரும் அதே மனைவிதான். கடலூர் சாலைப் பஸ் அவரை மருத்துவமனை வாசலில் இறக்கிவிடும்போது மணி பன்னிரண்டே கால் ஆகியிருக்கும்.

இதை எனக்குச் சொன்னவர், மூன்று மாதம் கழித்துக் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு அம்மா. தவளக்குப்பம் சந்திப்பில் காய்க்கடை வைத்திருப்பவர், ஏறக்குறைய என் வயது. அவருடைய கணவருக்குக் குடலிறக்க அறுவை நடந்தபோது நான்கு நாள் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார்.

"கேரியர கையில வச்சிக்கினு நாலு மணி வரைக்கும் நின்னேன். உள்ள அந்த மனுசன் ஆஸ்பத்திரி ரொட்டியப் பாத்துக்கினு படுத்துக்கெடந்தாரு. அஞ்சாம் நாளு வாட்ச்மேன கேட்டேன், யாருப்பா இந்த ரூல போட்டதுன்னு. கமிட்டின்னாரு. அப்ப கமிட்டிக்கே போறேன்னு வந்துட்டேன்."

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். மதியச் சாப்பாடு மதியமே உள்ளே போக வேண்டும். வேறு எதற்காகவும் அவர் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி வரவில்லை. சிஸ்டரோ கதவைத் திறக்க ஒப்பவே இல்லை. அரை மணி நேரம் பேசிய பிறகு ஒரு வழி கிடைத்தது. ஆள் வரக்கூடாது, கேரியர் வரலாம். வாசலில் ஒரு மேசை போடுவது, பன்னிரண்டே காலிலிருந்து ஒன்று வரை கேரியர்களை வாங்கி வைப்பது, வார்டு ஊழியர் ஒருவர் தள்ளுவண்டியில் மேலே கொண்டுபோவது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு மறுபடி கூடுவோம் என்றார் டாக்டர்.

"ஒரு கண்டிஷன் டாக்டர்," என்றார் சிஸ்டர். "ஒரே ஒரு சாப்பாடு ஆள் மாறிப் போச்சுன்னாலும் மேசைய எடுத்துடணும். எங்கிட்ட சர்க்கரை இருக்கு, பிரஷர் இருக்கு, கிட்னி இருக்கு."

"இவ்வளோ வியாதிய வச்சிக்கினு எப்பிடி சிஸ்டர் வேலை பாக்குறீங்க?" என்றார் காய்க்கடை அம்மா.

சிஸ்டர் சிரிக்கவில்லை. கண்டிஷனை அப்படியே எழுதிக்கொண்டேன். கோடை விடுமுறை, நூலகத்தில் அரை நாள்தான் வேலை. ஆகவே கேரியர்களுக்குச் சீட்டுக் கட்டும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன்.

அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. இருபத்தாறு வருடமாகப் புத்தகத்துக்கு எண் ஒட்டுகிறவள். அலமாரி எண், தட்டு எண், வரிசை எண் சரியாக இருந்தால் புத்தகம் தன் இடத்துக்குப் போய்ச் சேரும். பாஸில் கட்டில் எண் இருந்தது. அதைப் பார்த்து அட்டையில் பெரிதாக எழுதி, கேரியர் கைப்பிடியில் நூலால் கட்டினேன். முதல் நாள் பதினேழு கேரியர். நான்காம் நாளிலிருந்து இருபதுக்கு மேல். ஒன்றுகூடத் தவறவில்லை என்று ஒவ்வொரு நாளும் டைரியில் எழுதினேன். காய்க்கடை அம்மா தினமும் ஒன்றரைக்கு போன் செய்வார்.

"டீச்சரம்மா, இன்னிக்கி?"

"எல்லாம் சரியாப் போச்சு. நான் டீச்சர் இல்லம்மா, நூலகர்."

"சரிங்க டீச்சரம்மா."

ஒன்பதாவது நாள், வியாழக்கிழமை. வெயில் தாங்க முடியவில்லை. தள்ளுவண்டி மேலே போய் இருபது நிமிடம் இருக்கும். நான் நூல் உருண்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

ஆண்கள் வார்டில் பதினோராம் கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். அந்தக் காலத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, இப்போது அங்கிருந்து பென்ஷன் வாங்குபவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்போம். அவருக்கு ரத்த அழுத்தம், சாப்பாட்டில் உப்பு கிட்டத்தட்ட கூடாது. அவர் முன்னால் திறந்திருந்த கேரியரில் கருவாட்டுக் குழம்பு. அடித்தட்டு தெரியும்வரை வழித்துச் சாப்பிட்டிருந்தார்.

"யாரு தாத்தா குடுத்தது இது?" என்றார் சிஸ்டர்.

"ஆண்டவர் குடுத்தார்மா."

"ஆண்டவர் கருவாடு குடுத்தாரா?"

"மூணு மாசமா ஜெபம் பண்ணேன். ஆண்டவருக்கு மெர்சி சொல்லிட்டுத்தான் சாப்ட்டேன்."

மூன்று கட்டில் தள்ளி, பதினான்கில், கையில் பெரிய கட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். டிராக்டர் கவிழ்ந்ததில் இடது கை முறிந்து, பிளேட் வைத்திருந்தார்கள். அவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எதிர்ப்பக்கமும் வார்டு முழுக்கக் கேட்டது.

"கோவம் இருந்தா நேர்ல சொல்லு. சோத்துல காட்டாத."

"நான் என்னாத்த காட்டுனேன்? கருவாடு வாங்கி, கத்திரிக்காய் போட்டு, வெயில்ல நின்னு கொழம்பு வச்சி எட்தாந்து குட்த்துட்டு இப்பதான் பஸ்ல குந்திக்கினு கீறேன்."

"கருவாடா? இங்க சப்புன்னு ஒரு கூட்டு. ஒரு கல்லு உப்பு இல்ல. டிராக்டரு போனா போவுது, நான் பொழச்சனே, அதுக்கா இந்தக் கோவம்?"

"யோவ், யாரு ஊட்டு சோத்த துண்ற நீ?"

அவர் கேரியர் மூடியைத் திருப்பிப் பார்த்தார். வேறு யாரோ ஒருவருடைய பெயர் வெட்டியிருந்தது. வார்டில் ஒரு சிரிப்பு கிளம்பியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோராம் எண் சீட்டுள்ள கேரியர் பதினோராம் கட்டிலில் இருந்தது. பதினான்காம் எண் சீட்டு பதினான்கில். சீட்டில் தவறே இல்லை.

"நீங்க எந்த பெட்?" என்று சிஸ்டர் பெரியவரைக் கேட்டார்.

"பதினாலு."

"இது பதினொண்ணு."

"அந்தத் தம்பிக்குக் கட்டுக்குள்ள அரிக்குதாம்மா. இங்க ஃபேன் சுத்தல, என் பெட்டுல நல்லாச் சுத்துது. எடுத்துக்கோன்னு குடுத்தேன். ஜிபூத்தி பாலைவனத்துல பாக்காத வெயிலா நான்? சாயங்காலம் ரவுண்ட்ஸுக்கு முன்னாடி மாறிக்குவோம்."

சிஸ்டர் வார்டின் நடுவில் போய் நின்றார். "யாரெல்லாம் அவங்கவங்க கட்டில்ல இருக்கீங்க? கையத் தூக்குங்க."

இருபத்திரண்டு பேரில் பன்னிரண்டு கை எழுந்தது. ஒன்றைத் தூக்கியவர் யோசித்துவிட்டு இறக்கிக்கொண்டார். ஓடுகிற நான்கு ஃபேன்களுக்குக் கீழே முறை வைத்து மாறிக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டுக் கேரியரை அடையாளம் கண்டு தாங்களே தேடி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் வரும் நேரத்தில் மட்டும் எல்லோரும் ஒழுங்காகத் தங்கள் எண்ணுக்குத் திரும்பிவிடுவார்கள்.

"நல்லவேளை," என்றார் சிஸ்டர் என்னிடம், மெதுவாக. "மருந்த நான் ஆளப் பாத்துதான் குடுக்கறேன். நம்பரப் பாத்து இல்ல."

புத்தகம் தானாக எழுந்து வேறு தட்டில் போய்ப் படுக்காது என்ற நம்பிக்கையில் நான் ஒன்பது நாள் சீட்டுக் கட்டியிருக்கிறேன்.

பெரியவருக்கு அன்று மாலைவரை மூன்று முறை ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சற்றே ஏறி இறங்கிவிட்டது. கவலைப்பட ஒன்றுமில்லை, மேசையைப் பற்றிக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஆனால் கண்டிஷன் கண்டிஷன்தான். அன்று ஒன்றரைக்கு வந்த போனை நான் எடுக்கவில்லை. மூன்றே முக்காலுக்கு நானே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

போனில் அவருக்குப் பின்னால் யாரோ வெண்டைக்காய் கேட்பது கேட்டது.

"இத கூட்டத்துல நான் சொல்லியாகணும்," என்றேன்.

"சொல்லுங்க. மறச்சா நாளைக்கி நம்மள எவ நம்புவா? ஆனா அந்த ஃபேனயும் சேத்துச் சொல்லுங்க டீச்சரம்மா."

ஃபேன் என்றதும் பழைய குறிப்புகளைப் புரட்டினேன். தொடர்ந்து மூன்று கூட்டங்களில், என் கையெழுத்தில், ஒரே வரி இருந்தது: ஆண்கள் வார்டு மின்விசிறிகளைப் பழுதுபார்க்க நடவடிக்கை எடுக்கப்படும். மூன்று முறையும் ஒரே மாதிரி அழகாக எழுதியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி வாசித்தேன். சீட்டு முறை என்னுடையது, கட்டில் எண்ணை மட்டும் நம்பியது என் தவறு என்றும் சேர்த்துக்கொண்டேன். அதன்பின் அந்த மின்விசிறி வரியை மூன்று முறை வாசித்தேன். மூன்றாவது முறை டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கண்டிஷன் போட்டது சிஸ்டர். அவங்கதான் சொல்லணும்," என்றார்.

காய்க்கடை அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சிஸ்டர் கைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். அவரும் எழுதி வைக்கிறவர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"மேசை வர்றதுக்கு முன்னாடி நாலு மணிக்குக் கதவு தெறந்தா ஒரே தள்ளுமுள்ளு. எல்லாரும் பசியோட இருப்பாங்க, எங்க மேலதான் எரிஞ்சு விழுவாங்க. இந்த ரெண்டு வாரமா ஒன்றரைக்குள்ள சாப்பிட்டுப் படுத்துடறாங்க. ரெண்டு மணிக்கு வார்டுல குறட்டை மட்டும்தான் கேக்குது. நான் அமைதி கேட்டேன், கெடச்சிருக்கு." நோட்டை மூடினார். "மேசை இருக்கட்டும். கட்டில் நம்பர் வேணாம். அந்தத் தாத்தாவுக்கு இன்னொரு தடவ கருவாடு போச்சுன்னா நானே மேசையத் தூக்கி வெளிய போட்டுடுவேன்."

"வேற என்ன அடையாளம் வைக்கிறது?" என்றார் டாக்டர்.

"கோயில்ல செருப்புக்குக் குடுக்கறாங்களே சார், அந்த மாரி," என்றார் காய்க்கடை அம்மா. புடவைத் தலைப்பை எப்போது விட்டாரோ தெரியவில்லை. "ரெண்டு சீட்டு, ரெண்டுலயும் ஒரே நம்பரு. சமைக்கப் போறவ ஒண்ண ஊட்டுக்காரன் கையில குட்த்துட்டுப் போவட்டும். இன்னொண்ண கேரியர்ல கட்டட்டும். அவன் எந்தக் கட்டில்ல பெரண்டா நமக்கென்ன? சீட்ட காட்டுனா சோறு."

"சோத்துக்கு செருப்பு டோக்கனா?" என்றார் சிஸ்டர்.

"செருப்புகூட மாறிப் போவக்கூடாதுன்னுதான சிஸ்டர் அத வச்சாங்க?"

முதலில் சிரித்தவர் சிஸ்டர்தான். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, தோள் குலுங்கும் சிரிப்பு. உப்பில்லாச் சாப்பாட்டுக்குச் சிவப்புச் சீட்டு என்று அவரே சேர்த்தார். ஃபேனுக்கு ஆட்கள் வெள்ளிக்கிழமைக்குள் வருவார்கள் என்று டாக்டர் சொன்னார். நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதப்போனவள், நிறுத்தி, வெள்ளிக்கிழமை என்றே எழுதினேன். வந்தார்கள், வெள்ளிக்கிழமையே.

நூலகத்தில் எல்லாம் கணினிக்குப் போனபின் பழைய அட்டவணை அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. கல்லூரியில் அனுமதி கேட்டு ஒரு கட்டு எடுத்துவந்தேன். ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, இரண்டு பாதியிலும் ஒரே எண் எழுதினேன். சனிக்கிழமை முதல் நாள். காய்க்கடை அம்மா கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காலையில் சமைக்கக் கிளம்பிய பெண்களுக்கு எல்லாம் ஜோடிச் சீட்டைக் கொடுத்து அவர்தான் விளக்கினார், என் குரல் அவர்களுக்கு எட்டவில்லை. மதியம், கையில் கட்டுப்போட்டவரின் மனைவியும் கேரியரோடு வந்தார். சீட்டைக் கட்டி முடிக்கும்வரை கேரியரிலிருந்து கையை எடுக்கவில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்குள் இருபத்து மூன்று கேரியர் மேலே போய்விட்டன. மாடிக்கு ஓடிப் பார்த்தேன். இருபத்து மூன்று அட்டைகள் ஜோடி சேர்ந்திருந்தன. பெரியவர் சிவப்பு அட்டையை என்னிடம் காட்டி, பெருமூச்சு விட்டு, பூசணிக்கூட்டைத் திறந்தார்.

நான் இறங்கி வந்தபோது மேசையில் ஒரு கேரியர் மிச்சமிருந்தது. சீட்டு இல்லை. யாரோ ஸ்கூட்டரில் வந்து வைத்துவிட்டு, சிஸ்டர் வீட்டிலேயே மறந்துவிட்டது என்று சொல்லிப் போனாராம். கொஞ்ச நேரத்தில் சிஸ்டரே படியிறங்கி வந்து அதை எடுக்கக் கை நீட்டினார்.

காய்க்கடை அம்மா கேரியரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சீட்டு?"

"அம்மா, அது என்னோடது."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. தாத்தாகூட அப்பிடித்தான் துண்ணாரு."

"டீச்சரம்மா, சொல்லுங்களேன்," என்று சிஸ்டர் என்னைப் பார்த்தார். அவரும் டீச்சராக்கிவிட்டார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சிஸ்டர்," என்றேன்.

"உள்ள என்னான்னு சொல்லுங்க. சரியா இருந்தா குடுக்கறேன்," என்றார் காய்க்கடை அம்மா.

"பீர்க்கங்காய் கூட்டு. ரசம். அப்பளம்."

காய்க்கடை அம்மா மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். "பீர்க்கங்கா சரிதான். முத்தலு. எங்க வாங்குனீங்க?" என்று கேட்டுக்கொண்டே கேரியரைக் கொடுத்தார்.

சிஸ்டர் மேலே போகவில்லை. வாட்ச்மேனின் ஸ்டூலை இழுத்து மேசைக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்து, அங்கேயே பிரித்தார். அப்பளம் மூன்று இருந்தது, ஆளுக்கு ஒன்று.