நாகஜோதி துவைத்த ஐந்தாவது சட்டை

பரவை காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் பதினெட்டு வருஷமாக இஸ்திரி வண்டி போட்டிருக்கிறேன். என் பெயர் சோணை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. ஆனாலும் ஒரு வீட்டுத் துணியைத் தேய்த்தால் அந்த வீட்டுச் சமாச்சாரம் பாதி எனக்குத் தெரிந்துவிடும். மீதிப் பாதியை நானே சேர்த்துச் சொல்வேன் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

நாகஜோதி விஷயத்தில் மட்டும் எதையும் சேர்க்கவில்லை. அவள் புருஷன் அழகுபாண்டி எதையும் படிக்கிற ஆள் இல்லை என்ற தைரியத்தில்தான் இதையும் சொல்கிறேன். அவன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். விடியுமுன் போய்விடுவான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதெல்லாம் அவள் பாடு.

வெள்ளைச் சட்டை துவைப்பதில் எங்கள் தெருவில் அவளை அடிக்க ஆள் கிடையாது. பிள்ளை வீட்டுக்குள் வந்ததும் ஷூவுக்கு முன்னால் சட்டையைத்தான் கழற்றுவாள். காலரைப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் நூல் பிரியும் என்று கட்டைவிரலாலேயே கசக்குவாள். பேனா மைக்கு சானிட்டைசர், ஊறுகாய்க் கறைக்கு எலுமிச்சை. சொட்டு நீலம் சரியாக மூன்று சொட்டு. நாலாவது விழுந்துவிட்டால் அந்த வாளித் தண்ணீரையே கொட்டிவிடுவாள்.

“உன் வெள்ளையப் பாத்தா கண்ணு கூசுது தாயி. எனக்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிக் குடு” என்பேன்.

“உங்களுக்குக் கண்ணு கூசலைன்னா தெருவுல எவ வீட்டுக் கதவுதான் தப்பும்?” என்று சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன், ஆவணி மாதம், அவள் மூத்த பையன் அருள்பாண்டி காய்ச்சலில் போய்விட்டான். ஒன்றாம் வகுப்பு. வியாழக்கிழமை காய்ச்சல், ஞாயிற்றுக்கிழமை அடக்கம். இரண்டாவது பையன் சிவபாண்டிக்கு அப்போது மூன்று வயது.

செத்த பிள்ளையின் துணிமணி ஒன்று வெளியே தங்கினாலும் அது தேடி வரும், தனியாக விளையாடப் பிடிக்காமல் கூடப் பிறந்ததைக் கூப்பிடும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம். அழகுபாண்டி டிரவுசர், சாக்ஸ், தண்ணீர் பாட்டில் வரை தன் கையாலேயே குழிக்குள் போட்டான். ஒரு சட்டை மட்டும் தப்பிவிட்டது. அது என் வண்டியில் இருந்தது.

பதினேழாம் நாள் அடி மூட்டையில் அதைப் பார்த்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். நானோ பழக்கதோஷத்தில் அதைத் தேய்த்து, மடித்து, கொண்டுபோய் அவள் கையிலேயே கொடுத்தேன். இப்படி ஒரு முட்டாள் வேலையை இஸ்திரிக்காரன்தான் செய்வான்.

வாங்கி முகத்தில் வைத்து மோந்தாள்.

“சோப்பு வாசம்தாண்ணே வருது. அவன் வாசமே இல்ல.”

அப்புறம் விரித்துப் பார்த்தாள். சட்டைப் பைக்குக் கீழே நகத்தளவு ஊதா நிறத்தில் ஒரு கறை.

“நாவப்பழம்ணே. இத எடுக்கத்தான் அம்புட்டு மல்லுக்கட்டுனேன். போகல. நல்லவேள போகல.” பிறகு மெதுவாக, “அவருட்ட சொல்லிராதீங்க” என்றாள்.

ஊர்க்கதை எல்லாம் பேசுகிற நான் இதைப் பேசவில்லை.

அதன்பின் சனிக்கிழமைதோறும் அந்த ஒற்றைச் சட்டை துவைத்து இஸ்திரிக்கு வந்தது. போடாத சட்டையை எதற்குத் துவைக்கிறாய் என்று கேட்டேன். மடித்தே வைத்தால் மஞ்சளித்துவிடும் என்றாள். சிவா பள்ளிக்கூடம் சேர்ந்ததும் அவனுடைய நாலு சட்டையோடு இது ஐந்தாவதாக வந்தது. பிள்ளை போட்ட சட்டையில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால், எவ்வளவு துவைத்திருந்தாலும், சூட்டில் காலரிலிருந்து அந்தப் பிள்ளையின் வேர்வை வாசம் லேசாக எழும். ஐந்தாவதில் எதுவும் எழாது.

ஒருநாள் வந்து நின்றாள்.

“அண்ணே, கொடியில அஞ்சும் தொங்குது. காத்தே இல்ல. அது ஒண்ணு மட்டும் ஆடுது.”

“மார்க்கெட்டுக்கு லாரி போனா என் வீட்டுச் செவுரே ஆடும் தாயி” என்றேன்.

போன வருஷம் சிவாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் முகம் செத்துப்போயிருந்தது. அந்தச் சட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். “நான் வச்சிருக்கதுனாலதான் அவன் தம்பியக் கூப்பிடுறானோ? கரியில போட்டுருங்கண்ணே.” நான் இஸ்திரிப் பெட்டியைத் திறந்து கரிக்கங்கைக் கிளறினேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். சிவா மூன்றாம் நாள் எழுந்து இட்லி கேட்டான்.

இந்த ஜூனில் சிவா ஒன்றாம் வகுப்பு. வாடிப்பட்டியில் இருக்கும் அவள் அண்ணன், தன் மகன் போட்டுக் கழித்த நாலு சட்டையைக் கொடுத்துவிட்டான். அதே அளவு, அதே பழசு. இப்போது ஐந்தும் ஒரே மாதிரி. நாவப்பழக் கறை ஒன்றுதான் அடையாளம்.

போன மாதம் தங்கச்சி வளைகாப்புக்காக இரண்டு நாள் திருமங்கலம் போனாள். அழகுபாண்டி வேலைக்குப் போகாமல் சிவாவைக் கிளப்பினான். மறுநாள் என் வண்டிக்கு வந்தான், மார்க்கெட்டையே தோளில் தூக்கி வந்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

“மச்சான், ஒங்க தங்கச்சி என்னமோ வெள்ளை வெள்ளைன்னு பீத்துமே. பீரோவுல மேலாப்புல இருந்த சட்டைய மாட்டி விட்டேன். சாயங்காலம் பாத்தா பைக்குக் கீழ ஒரு ஊதாக் கறை. எங்கிட்டுப் போயி அப்புனானோ! மார்க்கெட்டுல தெளிக்கிற பிளீச்சிங் பவுடர் ஒரு கை போட்டேன். போயே போச்சு!”

பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். “அந்தச் சட்டை எங்க மாப்ள?”

“கையோட எல்லாத்தையும் சேத்து முக்கிட்டேன். கொடியில பளிச்சுனு கெடக்கு. வந்து பாத்தா அசந்துருவா!”

தன் மகனுக்கு எத்தனை சட்டை என்று அவனுக்குத் தெரியாது. அதனால் அவன் எண்ணவும் இல்லை.

சனிக்கிழமை ஐந்து சட்டையோடு நாகஜோதி வந்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

“ஒவ்வொரு காலரா பெட்டிய வைங்கண்ணே.”

வைத்தேன். ஒவ்வொன்றாகக் குனிந்து மோந்தாள். நானும் மோந்தேன். ஐந்திலும் பிளீச்சிங் நெடிதான். சிவாவின் வாசமும் போயிருந்தது.

“எதுண்ணே?”

மூன்றாவதைத் தொட்டு, “இதான் தாயி. எனக்குத் தெரியாதா?” என்றேன்.

“பொய் சொல்றப்ப காதச் சொறிவீங்கண்ணே” என்றாள். என் கை காதில்தான் இருந்தது.

அதிலிருந்து எதையும் தனியாக எடுத்து வைக்கவில்லை. சிவா ஐந்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் போனான். சாயங்காலம் பள்ளிக்கூட வேன் என் வண்டியருகே நிற்கும். முன்பு வீட்டு வாசலில் நிற்பவள், இப்போது இங்கேயே வந்து நின்றாள். பிள்ளைகள் வேனிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டுதான் இறங்கும். பையன் திரும்புகிற வரை அந்த முதுகையே பார்ப்பாள். முகம் தெரிந்ததும் பையை வாங்கிக்கொண்டு போவாள். திங்களும் அப்படி, செவ்வாயும் அப்படி.

புதன்கிழமை, வெயில் நல்ல உறைப்பு. முதுகு வெள்ளையாக இறங்கியது. அவள் வாயிலிருந்து, அவளுக்கே தெரியாமல், “அருளு” என்று வந்துவிட்டது.

“என்னம்மா?” என்று சிவா திரும்பினான்.

வேறு யார் பெயரையோ கேட்டவன் மாதிரி இல்லை. பையை அவளிடம் கொடுத்துவிட்டு, பசிக்கிறது என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையாலும் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருந்தேன்.

அங்கேயே, ரோட்டோரத்தில் குத்தவைத்து, அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். பையன் கூச்சத்தில் நெளிந்தான். “அம்மா, எல்லாரும் பாக்குறாங்கம்மா!” சட்டையைக் கையோடு சுருட்டி நெஞ்சில் அணைத்துக்கொண்டு, பனியனோடு அவனை நடத்திக் கூட்டிப் போனாள்.

அந்தச் சனிக்கிழமையும் ஐந்து வந்தது. நாலு வெள்ளை, எப்போதும் போல. ஐந்தாவதில் பைக்குக் கீழே, நகத்தளவுக்கு, நீலம் சொட்டியிருந்தது.

நான் அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் தேய்த்தேன்.