மாதத்தின் முதல் ஞாயிறு

அந்த நீலப் பைல் பாதுகாப்புச் சோதனை இயந்திரத்துக்குள் போய் மறுபக்கத்தால் வந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அருங்காட்சியகத்துக்கு யாராவது பைல் கொண்டு போவார்களா? கொத்து அண்ணை கொண்டு வந்திருந்தார். ரூ லூயி-பிளாங்க் தெருவில் நான் கல்லாவில் நின்ற உணவகத்தில் கொத்துரொட்டி போடுகிறவர் அவர். எங்கள் எல்லோருக்கும் அதுவே அவருடைய பெயர். பைலுக்குள் தன் தம்பியின் படம் மூன்று பிரதி, பிறப்புச் சான்றிதழ், தன்னுடைய வதிவிட அட்டையின் நகல், போதாததற்கு மின்சார பில். விசா அலுவலகத்துக்கு மட்டும் போடும் சப்பாத்தைப் போட்டிருந்தார். இந்த நாட்டில் பெரிய கட்டடமும் வரிசையும் சீருடைக்காரரும் கண்டால் எங்களுக்கு அது விண்ணப்பம் கொடுக்கும் இடம்தான். "ரொந்தேவூ எடுக்கேல்லையே பிள்ளை, உள்ளுக்கு விடுவினமோ?" என்று வாசலில் கேட்டார். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், நேரம் கேட்டு எழுதத் தேவையில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

தம்பி, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பி, இங்கே வருவதற்கு ஊரை விட்டுப் புறப்பட்டவன். வியட்நாமில் நிற்கிறேன், மழை பெய்கிறது, பிறகு எடுக்கிறேன் என்று ஒரே ஒருமுறை பேசினான். அதற்குப் பிறகு ஏழு மாதம் சத்தமே இல்லை. ஏஜென்சிக்காரனின் இலக்கமும் வேலை செய்யவில்லை. எழுதாத இடமில்லை, கடிதங்களை எழுதியவள் நான். பன்னிரண்டு வயதில் இங்கே வந்து பள்ளியில் பிரெஞ்சு படித்ததால், எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில் பாதிப்பேருக்குப் படிவம் நிரப்புவது என் தலைவிதி. அப்படி இருக்கும்போதுதான் மெட்ரோவில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்தார். வியட்நாம் ஓவியங்கள், நாட்டுப்புறக் கைவினைகளின் கண்காட்சி. "அங்கை வியட்நாம் ஆக்கள் இருப்பினம்தானே? ஒருக்கா வந்து கதைச்சுத் தா" என்றார்.

உள்ளே போனதும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்றார். அரக்குப் பூசிய பலகை ஓவியங்கள், பட்டில் வரைந்த பெண்கள், மரக்கட்டையில் செதுக்கித் தாளில் அச்சிட்ட பன்றிகள், தண்ணீரில் நின்று ஆட்டுகிற மரப்பொம்மைகள். மற்றவர்கள் கலையைப் பார்த்தார்கள். இவர், தம்பி எங்கே படுத்திருப்பான் என்று பார்த்தார். கொழுத்த பன்றியும் குட்டிகளும் இருந்த படத்துக்கு முன்னால், "சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லாத இடம் போலை" என்றார். கறுப்பு அரக்கில் பொன் தூள் தூவிய மூங்கில் காட்டைக் கண்டு, "இதுக்குள்ளை ஒளிச்சிருக்கலாம்" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "துலைஞ்சும் போகலாம்" என்றார். மீன் பிடிக்கும் மூங்கில் பறி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. "எங்கடை பறி மாதிரியே கட்டியிருக்கிறாங்கள். அவனுக்கு இது கட்டத் தெரியும். வேலை குடுத்திருப்பாங்கள், என்ன?" என்று என்னைப் பார்த்தார். நான் பறியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த அறையில் காவலுக்கு ஒரு பெண்மணி நாற்காலியில் இருந்தார். முகம் வியட்நாம் முகம். அண்ணை பைலைத் திறந்து, இரண்டு கையாலும் படத்தை நீட்டி, என்னைக் கதைக்கச் சொன்னார். கதைத்தேன். அந்தப் பெண்மணி எழுந்து நின்று கேட்டார். தான் பிறந்தது இந்த நகரத்தில், பெற்றோரின் ஊருக்கு ஒருமுறைகூடப் போனதில்லை, அங்கே ஒருவரையும் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்றார். ஆனால் நீட்டிய படத்தை மறுக்கத் தெரியாமல் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அண்ணை என் பக்கம் திரும்பினார். "என்னவாம் பிள்ளை?"

"விசாரிச்சுச் சொல்லுறாவாம் அண்ணை" என்றேன்.

இரக்கத்தால் சொன்னேன் என்றால் அது இரண்டாவது பொய். எனக்குக் கால் வலித்தது. ஐந்து மணிக்கு வேலை. அவர் அழுதால் அந்த அறையில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். அன்று மாலை எனக்கு இரண்டு முட்டை போட்ட கொத்துரொட்டி கிடைத்தது. நானும் தின்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அவர் தனியாகவே போனார். வடைப் பொதி ஒன்றும் கொண்டு போவார். அந்தப் பெண்மணி மரியாதைக்குத் தலையசைப்பார். அதை இவர், விசாரணை நடக்கிறது என்று எடுத்துக்கொண்டு வருவார். ஊரிலிருந்த தாய்க்கும் சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. இன்றைக்கு வேண்டாம், தைப்பொங்கல் போகட்டும், அவருக்குத் தடிமன் காய்ச்சல் மாறட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். போன மாரியில் சார்செல் போகும் ரயிலுக்குக் காத்து நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

செத்தவீடு முடிந்து மூன்றாம் கிழமை அவருடைய அம்மா எனக்குப் போன் எடுத்தார். "மூத்தவனைத்தான் குடுத்திட்டன் பிள்ளை. இனி அந்த மனுசியிட்டை ஆர் போய்க் கேக்கிறது?" நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? போகாமலே போனேன் என்று சொல்லப் பயந்து, உண்மையாகவே போகத் தொடங்கினேன்.

சென்ற ஞாயிறும் போனேன். அந்தப் பெண்மணி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். வடை கொண்டுவரும் ஐயா ஏன் வருவதில்லை என்று கேட்டார். சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல, "அவருடைய தம்பி கிடைத்துவிட்டாரா?" என்று கேட்டார்.

வெளியே வந்து படிக்கட்டில் இருந்தபோது அண்ணையின் அம்மா போன் எடுத்தார். "என்னவாம் பிள்ளை?" மகன் கேட்ட அதே குரல். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. வாய்விட்டு அழுதுகொண்டு சொன்னேன். "அவவுக்கு ஒண்டும் தெரியாது அம்மா. முதல் நாளே தெரியாதெண்டுதான் சொன்னவ. நான்தான் பொய் சொன்னனான். இண்டைக்கு அவ என்னட்டைக் கேக்கிறா, உங்கடை மகன் கிடைச்சிட்டாரோ எண்டு."

 எதிர்ப்பக்கத்தில் ஏதோ காகம் கத்தியது கேட்டது.

"அப்ப அவவும் வழி பாத்துக்கொண்டுதான் இருக்கிறா" என்றார் அம்மா. "நல்ல மனுசி. அடுத்த மாசமும் ஒருக்காப் போய்க் கேள் பிள்ளை."