சீச்சீயும் மூன்றாம் கம்பியும்

கிடார் பழுதுபார்க்கும் அவருக்குச் சீச்சீ என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை. யார் கிடாரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். வியர்வை ஊறிய கம்பி, நகத்தழுக்கு அப்பிய கழுத்து, உப்புப் பூத்த தோள்வார் என்று நாளெல்லாம் ஊரார் உடம்பைத் துடைத்தே பிழைப்பவர், சாப்பிடும் முன் முழங்கை வரை சோப்புப் போடுவார். சாப்பிட்ட பின்னும் போடுவார். மூக்கு வேண்டாம் என்று சொல்லியும் காது பிடித்து இழுத்து வந்து விட்ட தொழில் இது என்பார்.

ஊரார் அழுக்கெல்லாம் ஒருபக்கம் என்றால் தங்கை புருஷன் தனிப்பக்கம்.

மாப்பிள்ளை ஒரு ஹோட்டலில் மாலை வேளைகளில் கிடார் வாசிப்பவர். வீடு மாறிய இடைவெளியில் ஒரு மாதம் சீச்சீயின் வீட்டு முன்னறையில் தங்கினார். நினைத்தால் இன்றைக்கும் கை சோப்பைத் தேடும். ஈரத்துண்டு தலையணை மேல் கிடக்கும். கால் நகம் சாப்பாட்டுத் தட்டில் கிடக்கும். "தரையில போட்டா குப்பையாகும்ல மச்சான்" என்று விளக்கம் வேறு. ஒருநாள் காலையில் சீச்சீயின் பல்துலக்கி அவருக்கு முன்பே நனைந்திருந்தது. தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கி வைத்தார். மறுநாள் அதுவும் நனைந்திருந்தது.

அவர்கள் வேறு வீட்டுக்குப் போய்ச் சில மாதங்களான பிறகு, ஒரு காலையில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, மேனேஜர் கடைசியா சொல்லிட்டாராம். இன்னிக்கும் சுருதி விலகுச்சுன்னா நாளையிலேருந்து வர வேணாமாம்."

"அதுக்கு?"

"அதான் கிடாரோட அவரை அனுப்புறேன். வேலை போச்சுன்னா இந்த வீட்டைக் காலி பண்ணிட்டு உன்கிட்டதான் வரணும். முன்ரூம் சும்மாதானே கிடக்கு?"

சீச்சீ போனைக் காதிலிருந்து எடுத்துத் துடைத்தார். மறுபடி வைத்து, "உடனே அனுப்பு" என்றார்.

மாப்பிள்ளை எதையோ மென்றுகொண்டே வந்தார். "கீதான் மச்சான் போச்சு. ரெண்டு தடவை மாத்திட்டேன். கடைக்காரன் டூப்ளிகேட்டை என் தலையில கட்டிட்டான்."

சீச்சீ மூன்றாம் கம்பியை முறுக்கும் கீயை மெல்லத் திருகினார். சுரம் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். ஊமையாக இருந்தது. இன்னும் ஒரு மயிரிழை. 'டிங்' என்று துள்ளி, வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

"கீ மேல பழி போடாதீங்க மாப்ள. கம்பி நட்டுல மாட்டிக்கிட்டு முழிக்குது."

நட் என்பது கழுத்தின் தலைமாட்டில், கீகளுக்குச் சற்று முன்னால், குறுக்கே பதித்த சிறு எலும்புத் துண்டு. அதில் ஆறு காடிகள், மெல்லிய வெட்டுப் பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி தடையில்லாமல் வழுக்கிப் போய்வர வேண்டும். மாப்பிள்ளையோ மெல்லிய கம்பிக்கு அறுத்த காடியில் தடித்த கம்பியைத் திணித்திருந்தார். வாசிக்கும்போது விரலால் வளைத்தால் கம்பி இழுபட்டு வரும், திரும்பிப் போகாது. சுருதி இறங்கிவிடும்.

கம்பியைத் தளர்த்தி விலக்கினார். காடிக்குள் மஞ்சளும் பழுப்புமாய் ஏதோ அடைத்திருந்தது. ஊசியால் நெம்பியதும் மெழுகுபோல் சுருண்டு வந்தது.

"என்ன இது?"

"சிக்குதேன்னு கொஞ்சம் வழவழப்புக்கு..."

"எண்ணெயா?"

மாப்பிள்ளை சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டு ஒரு குடை குடைந்து, நகத்தை நீட்டிக் காட்டினார். "கெமிக்கலே கிடையாது மச்சான்."

சீச்சீக்குச் 'சீச்சீ'கூட வரவில்லை. குழாயடிக்கு ஓடினார். நனைந்த முகத்தோடு நின்றபோது முன்னறை கண்முன் வந்தது. அதன் தலையணையும் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

கையுறை போட முடியாது. போட்டால் அரம் எவ்வளவு கடிக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. வெறுங்கையால்தான் தொட்டாக வேண்டும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் காடியைத் தேய்த்தெடுத்தார். பிறகு ஊசி கனத்தில் இருந்த உருட்டரத்தை வைத்துப் பக்கவாட்டில் மட்டும் அகலப்படுத்தினார். கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் கம்பி தாழ்ந்துபோய் இரையும். அப்புறம் நட் குப்பைக்கு, மாப்பிள்ளை முன்னறைக்கு.

பின்கழுத்தில் சூடாக ஏதோ பட்டது.

"மூச்சை அந்தப் பக்கம் விடுங்க மாப்ள."

"பார்க்கத்தானே செய்றேன்?"

"மூக்காலயா பார்ப்பீங்க?"

கடைசியாகக் கம்பி வழுக்கிப் போகக் காடிக்குள் பென்சில் கரியைப் பூச வேண்டும். ஒத்தாசை செய்கிற ஆசையில் மாப்பிள்ளை பென்சிலை எடுத்து, கூர்முனையை நாக்கில் நனைத்து நீட்டினார். சீச்சீ வேறு பென்சிலைச் சீவினார். மற்ற ஐந்து காடிகளுக்கும் அதே வைத்தியம் நடந்தது. கம்பிகளை ஏற்றி, மூன்றாவதை வளைக்க முடிந்தவரை வளைத்து விட்டார். போன இடத்திலிருந்து வந்த இடத்துக்கே திரும்பியது. 'டிங்' இல்லை.

மாலையில் அவரும் ஹோட்டலுக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தார். மேனேஜர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை கண்ணை மூடி, வாயைப் பாதி திறந்து, மூன்றாம் கம்பியை அழும்வரை வளைத்தார். அது அழுது முடித்துச் சரியாகத் தன் இடத்தில் வந்து நின்றது. கழுவிக் கவிழ்த்த கண்ணாடித் தம்ளர்போல் அத்தனை சுத்தமான சுரம். சீச்சீ மாப்பிள்ளையின் விரல் நகத்தை எட்டிப் பார்த்தார். அந்த நகத்திலிருந்தா இது? அழுக்கைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சுரம் தன்னை உருக்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இடைவேளையில் மேனேஜர் மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். "இப்படித்தான்யா வாசிக்கணும். நாளைக்கு நேரத்தோட வா."

மாப்பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்தார். அக்குளின் ஈரம் சீச்சீயின் சட்டைக்கு இடம் மாறியது. "வீட்டைக் காலி பண்ண வேண்டாம் மச்சான்! இனிமே வாராவாரம் உங்க கடைக்கு வந்துடுறேன். நீங்கதான் பார்த்துக்கணும்."

முன்னறை தப்பியது. கடை மாட்டிக்கொண்டது. சீச்சீ நேரே கைகழுவும் இடத்துக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டார். அப்போது உள்ளே மறுபடி மூன்றாம் கம்பி எழுந்தது. குழாய்ச் சத்தம் இடைஞ்சலாக இருந்தது. மூடினார். நுரை கையிலேயே காய்ந்து தோலை இழுக்கும்வரை அப்படியே நின்று கேட்டார்.

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, "சீச்சீ" என்றார்.